ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கிற செட்டிங்: கடை சிஸ்டத்தை டெர்மினலில் இருந்து சரிசெய்வது எப்படி

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள், ஓரிரண்டைத் தவிர, விண்டோஸ் 11-இன் பட்டியலிலேயே கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடை பில்லிங் கவுன்ட்டர் ஆகட்டும், பெரம்பூர் டிடிபி சென்டர் ஆகட்டும், 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் வைத்து உழைக்கிற பழைய ஐ3 சிஸ்டத்துக்கு உபுண்டு என்ற இலவச லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் நல்ல வழி. அதை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. தலைவலி அதற்குப் பிறகுதான் வருகிறது. ராத்திரி மாற்றிய செட்டிங் காலையில் கடை திறக்கும்போது பழையபடி ஆகியிருக்கும். அல்லது எங்கே எதை மாற்றினோம் என்றே தெரியாமல், திரும்பிப் போக வழி இல்லாமல் நிற்போம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: செட்டிங் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்காமல் கைவைத்தது.

கீழே உள்ளவை உபுண்டு 22.04, 24.04 இரண்டுக்கும் பொருந்தும்.

கமாண்டுகளைப் படிக்கும் முறை

வடசென்னையில் பாதி சிஸ்டம் சர்வீஸ் போனில்தான் நடக்கிறது. தண்டையார்பேட்டையில் இருப்பவர் சொல்ல, எண்ணூரில் கடைப் பையன் டைப் செய்கிறான். அதனால் கமாண்டுகளை இங்கே வாயால் சொல்கிற மாதிரியே கொடுத்திருக்கிறோம். சொல்லாகத் தெரிவதைச் சொல்லாகவும், மற்றதை எழுத்துக் கூட்டியும் படியுங்கள். தனியாகக் குறிப்பிடாத இடத்தில் எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து.

போனில் சொல்வதைவிட வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அதில் மூன்று ஆபத்து இருக்கிறது. போன் கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். ‘சூடோ’வின் (ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தில் ஓட்டச் சொல்லும் சொல்) எஸ் பெரிதானால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று டெர்மினல் (கமாண்டுகளை அடிக்கும் ஜன்னல்) சொல்லும். நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகிவிடும். இரட்டைச் சிறுகோடு சில போன்களில் ஒரே நீளக்கோடாக ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும், கமாண்ட் மட்டும் ஓடாது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக அனுப்புங்கள்.

செட்டிங் குடியிருக்கும் மூன்று இடம்

முதலாவது, ஓடிக்கொண்டிருக்கிற கெர்னலின் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) நினைவு. இங்கே மாற்றினால் அந்த நொடியே வேலை செய்யும்; கரண்ட் போனால் அதுவும் போய்விடும். இரண்டாவது, /ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்கள். இங்கே எழுதினால் நிலைக்கும், ஆனால் அந்த ஃபைலை யாராவது படிக்கச் சொல்லும்வரை எதுவும் மாறாது. மூன்றாவது, லாகின் ஆகியிருக்கும் ஆளின் சொந்தக் கணக்கு. இங்கே செய்தது அந்த ஆளுக்கு மட்டும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பழைய மதிப்பை நோட்டில் எழுதுங்கள். சிஸ்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. அதில் தேதி, செட்டிங்கின் பெயர், பழைய எண், புதிய எண். சிஸ்டமே ஏறாத அன்றைக்கு அதற்குள் சேமித்த குறிப்பை எப்படிப் படிப்பது? பேப்பரில் இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான்.

கூடவே /ஈடிசி முழுவதையும் ஒரு தடவை கட்டிவையுங்கள்:

சூடோ டார் -சிஇசட்எஃப் /ரூட்/ஈடிசி-பழசு.டிஜிஇசட் /ஈடிசி

முன்னால் உள்ள ஸ்லாஷை நீக்குவதாக ஒரு வரி வரும். அது எரர் அல்ல. இந்த ஃபைலுக்குள் எல்லாப் பாஸ்வேர்டுகளின் ஹாஷும் (மறைத்தெழுதிய வடிவம்) இருக்கிறது. ஆகவே /ரூட் ஃபோல்டரிலேயே இருக்கட்டும், பென்டிரைவிலும் கூகுள் டிரைவ் கணக்கிலும் போட வேண்டாம்.

முதல் பாடம்: ஸ்வாப்பினஸ்

கெர்னல் செட்டிங்குகளைக் காட்டவும் மாற்றவும் உள்ள கமாண்ட் எஸ்ஒய்எஸ்சிடிஎல். ஆறு எழுத்து, இடைவெளி இல்லை. அது காட்டுவதெல்லாம் /பிராக்/சிஸ் என்ற ஃபோல்டரில் இருப்பதுதான். இப்போதைய மதிப்பைப் பார்க்க:

எஸ்ஒய்எஸ்சிடிஎல் விஎம்.ஸ்வாப்பினஸ்

ஸ்வாப்பினஸில் இரண்டு பி, கடைசியில் இரண்டு எஸ். பதில் 60 என்று வரும். ரேம் நிறையும்போது கெர்னலுக்கு இரண்டு வழி: புரோகிராம்கள் வைத்திருக்கும் நினைவை டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது பயன்படும் இடம்) தள்ளலாம், அல்லது ஃபைல்களைப் படித்து வைத்திருக்கும் கேஷை விட்டுவிடலாம். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதே இந்த எண். 5.8 கெர்னலில் இருந்து 0 முதல் 200 வரை கொடுக்கலாம். சுழலும் டிஸ்க்கில் ஸ்வாப் என்பது மிக மெதுவான வேலை. பிரவுசரில் பத்து டேப், பக்கத்தில் லிப்ரே ஆஃபீஸ் என்று ஓடும்போது டேப் மாற்றினால் சிஸ்டம் சில விநாடி உறைவது பெரும்பாலும் இதனால்தான். அந்த மாதிரி சிஸ்டத்தில் 10 பொருத்தமான எண்:

சூடோ எஸ்ஒய்எஸ்சிடிஎல் -டபிள்யூ விஎம்.ஸ்வாப்பினஸ்=10

சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விட்டால் இந்தக் கமாண்ட் ஏற்காது. ஃபைலில் எழுதும்போது இடைவெளி விடலாம், கமாண்டில் கூடாது.

இது முதல் இடத்து மாற்றம், அதாவது தற்காலிகம். அதுவே இதன் நன்மையும்கூட. ஒரு முழு நாள் கடையை இப்படியே ஓட்டிப் பாருங்கள். தப்பாகப் போனால் ரீபூட் செய்தால் போதும், பழையபடி ஆகிவிடும். ஓடும்போது ‘விஎம்ஸ்டாட் 5’ என்று அடித்தால் 5 விநாடிக்கு ஒரு வரி வரும். அதில் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள்: ஸ்வாப்பில் இருந்து உள்ளே வருவதும் வெளியே போவதும். எப்போதாவது எண் தலைகாட்டினால் பரவாயில்லை. பத்து வரி தொடர்ந்து பெரிய எண்ணாக ஓடினால் செட்டிங்கால் தீராது. இன்னொரு 4 ஜிபி ரேம் ஸ்டிக் வாங்கிப் போடுங்கள்.

பிடித்துப்போனால் நிலையாக்குங்கள்:

எக்கோ "விஎம்.ஸ்வாப்பினஸ் = 10" | சூடோ டீ /ஈடிசி/எஸ்ஒய்எஸ்சிடிஎல்.டி/99-கடை.கான்ஃப்

நடுவில் உள்ள செங்குத்துக் கோடு, என்டர் கீக்கு மேலே உள்ள பட்டனை ஷிஃப்டோடு அழுத்தினால் வரும். டீ என்பது டி, இ, இ. சிடிஎல்-க்குப் பின் புள்ளியோடு வரும் டி, சி-க்கு அடுத்த டி. கடை என்பதை கே-யில் தொடங்கும் ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். பலர் இந்த இடத்தில் ‘சூடோ எக்கோ’ என்று தொடங்கி, ‘விடப் பெரியது’ குறியை வைத்து ஃபைலுக்குத் திருப்புவார்கள். அனுமதி இல்லை என்று பதில் வரும். சூடோவின் அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான். ஃபைலைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல் (கமாண்டைப் படித்து ஓட்டும் புரோகிராம்), அதற்கு /ஈடிசி-யில் எழுத உரிமை கிடையாது. டீயை சூடோவோடு ஓட்டினால் ஃபைலைத் திறப்பதே ரூட் ஆகிவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டாவது தடவை அதே ஃபைலில் வரி சேர்க்கும்போது ‘டீ -ஏ’ என்று கொடுக்க வேண்டும். -ஏ இல்லாவிட்டால் முன்பு எழுதியது மொத்தமும் அழிந்துவிடும்.

/ஈடிசி/எஸ்ஒய்எஸ்சிடிஎல்.கான்ஃப் என்ற பெரிய ஃபைல் இருக்கும்போது தனி ஃபைல் ஏன்? பெரிய ஃபைல் உபுண்டு தந்தது. அப்டேட் வரும்போது நீங்கள் மாற்றியதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும், யாரோ அவசரத்தில் ஒய் அழுத்திவிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில், 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில், பூட் ஆகும்போது அந்தப் பெரிய ஃபைலைப் படிப்பதையே நிறுத்திவிட்டார்கள். தனி ஃபைலில் எழுதியவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. உங்கள் மாற்றங்கள் எல்லாம் ஒரே சின்ன ஃபைலில் இருந்தால் அடுத்த சிஸ்டத்துக்கு எடுத்துப்போவதும் சுலபம்.

எழுதியதும் படிக்கச் சொல்ல வேண்டும்:

சூடோ எஸ்ஒய்எஸ்சிடிஎல் --சிஸ்டம்

இதற்குப் பதில் -பி (ஸ்வாப்பினஸில் வரும் அதே பி) கொடுத்தால் அது பெரிய ஃபைலை மட்டும் படிக்கும். உங்கள் 99-கடை ஃபைலைத் தொடவே தொடாது, எரரும் தராது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பென்டிரைவ் 100 சதவீதம் காட்டியும் ஃபைல் பாதிதான்

ஜெராக்ஸ் கடைகளுக்கு மிகவும் தேவையான பகுதி இது. தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரிப் பக்கம் புராஜெக்ட் சீசனில் ஒரு நாளைக்கு எத்தனையோ பென்டிரைவ் செருகி எடுக்கப்படும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஃபைல்களைக் காப்பி போடுகிறீர்கள். பச்சைக் கோடு சரசரவென்று ஓடி முடிகிறது. பின்னால் வரிசை நிற்கிறது, உருவிக் கொடுத்துவிடுகிறீர்கள். அந்தப் பெண் கல்லூரியில் போய்த் திறந்தால் பக்கம் 40-க்கு மேல் இல்லை, அல்லது ஃபைலே திறக்கவில்லை.

கோடு முடிந்தது என்றால் ஃபைல் ரேமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். பென்டிரைவுக்கு இறங்குவது பின்னணியில் நடக்கிறது. இன்னும் எழுதப்படாத இந்தப் பகுதிக்கு ‘டர்ட்டி’ என்று பெயர். எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று நேரிலேயே பார்க்கலாம்:

வாட்ச் -என் 1 கிரெப் -இ டர்ட்டி -இ ரைட்பேக்: /பிராக்/மெம்இன்ஃபோ

இதில் டர்ட்டியின் டி, ரைட்பேக்கின் டபிள்யூ, இரண்டும் பெரிய எழுத்து. ரைட்பேக் என்பது ரைட், பேக் இரண்டும் ஒட்டிய ஒரே சொல். ஒரு பெரிய ஃபைலைக் காப்பி போட்டுக்கொண்டே இதைப் பாருங்கள். டர்ட்டிக்கு எதிரே கேபி கணக்கு சட்டென்று லட்சக்கணக்கில் ஏறும். காப்பி முடிந்ததாகக் காட்டிய பிறகு ஆயிரம் ஆயிரமாக இறங்கும். விநாடிக்கு 5 எம்பி எழுதுகிற பென்டிரைவில் 300 எம்பி இறங்க 60 விநாடி வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் உருவினால் அவ்வளவுதான்.

எவ்வளவு வரை ரேமில் தேங்கவிடலாம் என்பதை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன: டர்ட்டி_பேக்கிரவுண்ட்_ரேஷியோ 10, டர்ட்டி_ரேஷியோ 20. இரண்டும் கைவசம் உள்ள நினைவில் சதவீதம். முதல் எல்லையைத் தாண்டினால் கெர்னல் பின்னணியில் எழுதத் தொடங்கும். இரண்டாவதைத் தாண்டினால் காப்பி போடுகிற புரோகிராமையே நிறுத்தி எழுத வைக்கும். 4 ஜிபி சிஸ்டத்தில் 20 சதவீதம் என்றால் பல நூறு எம்பி. சதவீதத்தை விட்டு நேராக பைட் கணக்கில் கொடுங்கள். 99-கடை ஃபைலில் இந்த இரண்டு வரி:

விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ் = 16777216
விஎம்.டர்ட்டி_பைட்ஸ் = 50331648

முதலாவது 16 எம்பி, இரண்டாவது 48 எம்பி. சொற்களுக்கு நடுவில் இருப்பது அடிக்கோடு, சிறுகோடு அல்ல. ‘--சிஸ்டம்’ கொடுத்துவிட்டு அதே ஃபைலை மறுபடி காப்பி போட்டால் பச்சைக் கோடு மெதுவாகத்தான் நகரும். வேகம் குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். பென்டிரைவின் உண்மையான வேகத்தை இப்போதுதான் பார்க்கிறீர்கள். கோடு முடியும்போது பாக்கி 48 எம்பிக்குள் நிற்கும். அதுவும் சில விநாடியில் இறங்கிவிடும். ஆனாலும் உருவுவதற்கு முன் ‘சிங்க்’ (எஸ், ஒய், என், சி) என்று அடித்து, அடுத்த பிராம்ப்ட் வரும்வரை காத்திருங்கள், அல்லது இஜெக்ட் கொடுங்கள். இந்த எல்லை ஹார்ட் டிஸ்க்குக்கும் சேர்த்துத்தான். கல்யாண வீடியோ மாதிரி பெரிய ஃபைல்களை டிஸ்க்குக்குள்ளேயே நகர்த்துகிற ஸ்டூடியோ சிஸ்டத்தில் இரண்டு எண்ணையும் நாலு மடங்காக்கிக்கொள்ளலாம்.

பைட் கணக்கை எழுதியதும் ரேஷியோ கணக்கு 0 என்று காட்டும். கெட்டுப்போகவில்லை, இரண்டில் ஒன்றுதான் நடைமுறையில் இருக்க முடியும். திரும்பிப் போக, ரேஷியோவுக்குப் பழைய 10, 20-ஐ -டபிள்யூ கொண்டு எழுதினால் பைட் கணக்கு தானாக 0 ஆகும்.

கரண்ட் கட்டுக்கும் இந்தக் குடும்பத்தில் ஒரு எண் உண்டு: விஎம்.டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ். தொடக்க மதிப்பு 3000. இது விநாடியில் நூற்றில் ஒரு பங்கு, ஆகவே 3000 என்றால் 30 விநாடி. எழுதாத தரவு அவ்வளவு நேரம்வரை ரேமில் உட்காரலாம்; அதற்குள் கரண்ட் போனால் இழப்பு. யுபிஎஸ் இல்லாத கடையில் 1000 வையுங்கள். 10 விநாடி என்று நினைத்து வெறும் 10 கொடுத்துவிட்டால் டிஸ்க் ஓயாமல் எழுத வேண்டியதாகிவிடும்.

பில்லில் நேற்றுத் தேதி

மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் நிற்கும். மல்டிமீட்டரில் 3 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும்; 2.5-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். காசிமேடு, எண்ணூர் போன்ற கடலோரக் கடைகளில் உப்புக்காற்றால் பேட்டரி ஹோல்டரின் தகடு பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். புதுப் பேட்டரி போட்டும் நேரம் நிற்கவில்லை என்றால் அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

பேட்டரி செத்த சிஸ்டத்தில் உபுண்டு செய்யும் ஒரு நல்ல காரியமே குழப்பத்தையும் உண்டாக்கும். கடைசியாகத் தனக்குத் தெரிந்த நேரத்தை அது டிஸ்க்கில் குறித்து வைத்து, காலையில் அங்கிருந்து தொடங்கும். நெட் வந்ததும் சரியாகிவிடும். நெட் வருவதற்குள் போட்ட முதல் நாலு பில்லில் நேற்று ராத்திரித் தேதி இருக்கும். காலையில் நிலைமையைப் பார்க்க வெறுமனே ‘டைம்டேட்சிடிஎல்’ என்று ஒரே சொல்லாக அடியுங்கள். கடிகாரம் ஒத்திசைந்ததா என்ற வரியில் ‘யெஸ்’ வந்த பிறகு பில்லிங் தொடங்குங்கள். நேர மண்டலத்தையும் நெட் வழியான ஒத்திசைவையும் வைக்க:

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏஷியா/கொல்கத்தா
சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ

ஏஷியாவின் ஏ, கொல்கத்தாவின் கே பெரிய எழுத்து. கையால் நேரம் வைக்கப் போய், தானியங்கி ஒத்திசைவு ஓடுகிறது என்று மறுத்தால் செட்-என்டிபிக்கு ஃபால்ஸ் கொடுத்து, நேரத்தை வைத்து, மறுபடி ட்ரூ கொடுங்கள்.

நேரம் சரியாக 5 மணி 30 நிமிஷம் தள்ளி இருந்தால் பேட்டரியைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அதே சிஸ்டத்தில் விண்டோஸும் இருக்கிறது என்று அர்த்தம். போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. உபுண்டு அதை உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. ‘சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ கொடுத்தால் உபுண்டுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். கமாண்ட் ஒரு எச்சரிக்கை தரும். அது பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை முன்பின் தள்ளும் நாடுகளுக்காகச் சொல்வது. நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லாததால் இங்கே தயங்காமல் வைக்கலாம்.

தூங்கிப்போகிற சிஸ்டம்: ஆளுக்கு ஆள் செட்டிங்

மூன்றாவது இடம் இது. திரை அணைவது, தூக்கத்துக்குப் போவது, கீபோர்டு மொழி எல்லாம் ஜிநோம் என்ற டெஸ்க்டாப்பின் கையில். மாற்றும் கமாண்ட் ஜிசெட்டிங்ஸ்.

ஜிசெட்டிங்ஸ் செட் ஓஆர்ஜி.ஜிநோம்.டெஸ்க்டாப்.செஷன் ஐடில்-டிலே 0

திரை தானாக அணைவது நிற்கும். முன்னால் சூடோ போடவே கூடாது. போட்டால் செட்டிங் உங்களுக்கு மாறாது, மாறினாலும் ரூட் என்ற ஆளுக்குத்தான் மாறியிருக்கும். உங்கள் திரை வழக்கம்போல அணையும். காலை ஷிஃப்டுக்கு ஒரு லாகின், மாலைக்கு ஒரு லாகின் என்று இருந்தால் இரண்டிலும் தனித்தனியே செய்ய வேண்டும்.

செட்டிங்கின் பெயர் தெரியாவிட்டால் ‘டிகான்ஃப் வாட்ச் /’ என்று அடித்துவிட்டு, செட்டிங்ஸ் ஜன்னலில் மவுஸால் அந்தப் பட்டனை மாற்றுங்கள். எந்தப் பெயர், என்ன மதிப்பு என்று டெர்மினலில் வரியாக விழும். தேடிக் களைப்பதைவிட இது மேல். (கமாண்ட் இல்லை என்றால் டிகான்ஃப்-சிஎல்ஐ பேக்கேஜை ஏற்றுங்கள்.) பழையபடி ஆக்க, ‘செட்’ இருந்த இடத்தில் ‘ரீசெட்’ போட்டு மதிப்பை விட்டுவிடுங்கள்.

தமிழ்99 கீபோர்டைச் சேர்க்கும்போது ஒரு கவனம். ஓஆர்ஜி.ஜிநோம்.டெஸ்க்டாப்.இன்புட்-சோர்சஸ் என்பதன் கீழ் சோர்சஸ் ஒரு பட்டியல். புதிதாகக் கொடுப்பது பழையதோடு சேராது, மொத்தமாக அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். தமிழை மட்டும் கொடுத்துவிட்டு ஆங்கிலக் கீபோர்டை இழந்தால் டெர்மினலில் திருத்தக்கூட டைப் செய்ய வராது. முதலில் ‘கெட்’ போட்டு வருகிற பட்டியலைக் காப்பி எடுத்து, அதற்குள் தமிழைச் சேர்த்து, முழுதாகக் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டம் தூங்கி, நெட்வொர்க் பிரிண்டர் ஷேர் நின்றுபோனால், யாரும் லாகின் ஆகாமல் லாகின் திரையிலேயே இருந்ததா என்று பாருங்கள். லாகின் திரைக்குத் தனி ஆள், தனி செட்டிங். அந்தச் சிக்கலை ஒரே அடியில் முடிக்கலாம்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் ஸ்லீப்.டார்கெட் சஸ்பெண்ட்.டார்கெட் ஹைபர்னேட்.டார்கெட் ஹைப்ரிட்-ஸ்லீப்.டார்கெட்

இது எல்லா ஆளுக்கும், ரீபூட்டுக்குப் பிறகும். விலக்க, மாஸ்க் இருந்த இடத்தில் அன்மாஸ்க்.

லேப்டாப்பை மூடி வைத்து வெளித்திரையில் பில்லிங் ஓட்டுபவர்கள் /ஈடிசி/சிஸ்டம்டி/லாகின்ட்.கான்ஃப்.டி என்ற ஃபோல்டரை உருவாக்கி (லாகின்ட் என்பது எல்ஓஜிஐஎன்டி; இந்தப் பெயர்களின் கடைசி டி எல்லாம் சி-க்கு அடுத்த டி), அதற்குள் கடை.கான்ஃப் ஃபைலில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி சதுர அடைப்புக்குள் லாகின்; அடுத்தது ஹேண்டில்லிட்ஸ்விட்ச்=இக்னோர். லாகின், ஹேண்டில், லிட், ஸ்விட்ச் ஒவ்வொன்றின் முதல் எழுத்தும் பெரியது. சதுர அடைப்பு வரியை விட்டுவிட்டால் அடுத்த வரியைப் படித்தும் தள்ளிவிடும். தகவல் லாகுக்குள் மட்டும்தான் இருக்கும். இதற்கு ரீபூட்டே நல்லது. ஓடும்போது அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யப்போய், திறந்திருந்த வேலையோடு லாகின் வெளியே தள்ளினால் பில் போய்விடும்.

கரண்ட் இரண்டு தடவை போய்வந்தால்

கரண்ட் வந்து, சிஸ்டம் ஏறும் நடுவிலேயே மறுபடி போனால், அடுத்த தடவை உபுண்டு கருப்பு மெனுவில் 30 விநாடி நிற்கும். போன பூட் முடியவில்லை என்று கிரப் (உபுண்டுவை ஏற்றிவிடும் புரோகிராம்) குறித்து வைத்திருக்கிறது. /ஈடிசி/டீஃபால்ட்/கிரப் ஃபைலில் கிரப்_ரெக்கார்ட்ஃபெயில்_டைம்அவுட்=5 என்று, எல்லாம் பெரிய எழுத்தில், சேர்த்து ‘சூடோ அப்டேட்-கிரப்’ கொடுங்கள். இந்த ஃபைலில் சமக்குறிக்குப் பக்கத்தில் இடைவெளி கூடாது; இதை ஷெல் படிக்கிறது.

சிஸ்டம் உறைந்தால் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்தபடி எஸ், யு, பி (ஏ-க்கு அடுத்த பி) என்று ஒவ்வொன்றாக, இரண்டு விநாடி இடைவெளியில் அழுத்துங்கள். எஸ் பாக்கியை டிஸ்க்கில் எழுதும், யு டிஸ்க்கைப் படிக்க மட்டுமாக மாற்றும், பி ரீபூட் செய்யும். உபுண்டுவில் கெர்னல்.சிஸ்ஆர்க்யூ 176 என்று இருப்பது இந்த மூன்றுக்காகத்தான்: 16, 32, 128-இன் கூட்டு.

எழுதினேன், நிற்கவில்லை

முதலில் ஃபைல் பெயர் .கான்ஃப் என்று முடிகிறதா பாருங்கள். .டிஎக்ஸ்டி என்று முடிந்தால் படிக்கவே மாட்டார்கள். பிறகு அதே செட்டிங் வேறு ஃபைலில் இருக்கிறதா என்று தேடுங்கள்:

கிரெப் -ஆர் ஸ்வாப்பினஸ் /ஈடிசி/எஸ்ஒய்எஸ்சிடிஎல்.டி /யுஎஸ்ஆர்/லிப்/எஸ்ஒய்எஸ்சிடிஎல்.டி /ஈடிசி/எஸ்ஒய்எஸ்சிடிஎல்.கான்ஃப்

ஃபைல்கள் பெயர் வரிசையில் படிக்கப்படும். கடைசியாகப் படித்ததே ஜெயிக்கும். உங்கள் பெயர் 99-இல் தொடங்குவது அதற்காகத்தான். ஆனால் உபுண்டுவில் பெரிய ஃபைலுக்கும் 99-எஸ்ஒய்எஸ்சிடிஎல் என்று ஒரு பெயர் உண்டு. கே-க்குப் பிறகுதானே எஸ் வரும், அதில் அதே வரி இருந்தால் அதன் பேச்சுதான் எடுபடும். அங்கே அந்த வரியின் முன்னால் ஹாஷ் குறி (#) போட்டு அடக்கிவிடுங்கள். லாகின்ட் மாதிரி சிஸ்டம்டி ஃபைல்களுக்கு ‘சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் சிஸ்டம்டி/லாகின்ட்.கான்ஃப்’ என்று கொடுத்தால் எல்லா ஃபைலையும் படிக்கிற வரிசையில் அடுக்கிக் காட்டும்.

மாற்றத்தை விலக்கும்போது 99-கடை ஃபைலை அழித்தால் மட்டும் போதாது. ஓடுகிற கெர்னலில் உங்கள் எண் அப்படியே இருக்கும். அழித்துவிட்டு ‘--சிஸ்டம்’ கொடுத்தாலும் பழைய எண் திரும்பாது, அதைச் சொல்ல இப்போது எந்த ஃபைலும் இல்லையே. நோட்டில் எழுதிய பழைய எண்ணை -டபிள்யூ கொண்டு கையால் கொடுங்கள், அல்லது ரீபூட் செய்யுங்கள்.

ரீபூட் செய்து பார்க்காத செட்டிங்கை முடிந்த வேலையாகக் கணக்கில் வைக்காதீர்கள். மதியம் இரண்டு முதல் மூன்று மணிக்குள், கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு தடவை ரீபூட் செய்து, ஸ்வாப்பினஸ், டர்ட்டி_பைட்ஸ், டைம்டேட்சிடிஎல் மூன்றையும் அடித்து, வருகிற எண்களை நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே எழுதுங்கள்.